கடைசிப் பக்கத்துக் கார்பன்

26.7.82, திங்கள்

காலையிலிருந்து ஆடிக் காற்று. டைப் இன்ஸ்டிடியூட் முழுக்கப் புழுதி. எட்டு மெஷினையும் இரண்டு முறை துடைத்தாயிற்று. ரிப்பன் வாங்க வேண்டும்.

மதியம் ஒன்று முதல் மூன்று வரை வகுப்பு கிடையாது. அதுதான் நம் வேலைக்கான நேரம். சிவகிரி வடிவின் கதை, நான்கு பக்கம், முடித்தேன். கார்பனோடு சேர்த்து மூன்று பிரதி. பெண்ணை விரும்பும் பெண்கள் எழுதுவதை டைப் அடிக்க, பத்திரிகைக்கு அனுப்ப, திரும்பி வந்தால் நமக்குள் சுற்றுக்கு விட, நானும் ஸ்டெல்லாவும். எழுதுகிறவர்கள் ஐந்து பேர். வெளியே கேட்டால் தையல் வகுப்பு. எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது.

கையால் எழுதி வந்ததை எரித்தேன். கையெழுத்தை வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் அது விதி. பெயர் மாற்றுவதும் விதி. ஆனால் வடிவின் கடிதம்: "தங்கம் பேர மட்டும் மாத்திராதீங்கக்கா. அவ பேரு இல்லன்னா இது என் கதையே இல்ல."

மாற்றவில்லை.

28.7, புதன்

தலைவலி. எல்லாம் என் தப்பு.

கடைசிப் பக்கத்துக்குப் புதுக் கார்பன் போட்டிருந்தேன். ஒரே முறை அடித்த கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தும் தெரியும். ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறவள், கிழித்துப் போடாமல் டப்பாவில் வைத்திருக்கிறேன். இன்னும் தாங்குமா என்று ஓனர் அண்ணாச்சி ஜன்னலில் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

"ஏம்மா, என்ன அசிங்கம் இது? பால்வாடி டீச்சர் தங்கம்னு சிவகிரியில ஒருத்தி இருக்காளே. எங்க வீட்டுக்காரிக்கு அந்த ஊருதான். கேட்டுப் பாக்கேன்."

"ஏதோ கதை, அண்ணாச்சி" என்றேன். கார்பனை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

31.7, சனி

ஸ்டெல்லா பஸ்ஸில் சிவகிரி போய் வந்தாள். அண்ணாச்சி வீட்டுக்காரி மூலம் பேச்சு அங்கே போய்விட்டது. தங்கத்தைக் கோவில்பட்டிக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வடிவு கண்ணிலேயே படவில்லை. அவள் அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "தையலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வாராவ" என்றாளாம்.

ஸ்டெல்லா வந்ததும் சொன்னது: "ஏட்டி, இருக்கதெல்லாம் எரிச்சிரு."

மூன்று பிரதியும் எரித்தேன். இவ்வளவு கோழையா நான்? யாருக்கு உதவக் கிளம்பினோம்?

3.8, செவ்வாய்

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. சரியான கூட்டம். இன்று ஒரு நாள் எந்தப் பெண்ணையும் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் எல்லோரும் கூடுவதும் இன்றுதான். நான்கு பேர் வந்தார்கள். வடிவு வரமாட்டாள் என்றிருந்தோம்.

தேரடி வளையல் கடையில் அவளைப் பார்த்தேன். அம்மாவும் அண்ணனும் கூட. அம்மா விலை பேசுகிற நேரம் என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அக்கா, தங்கம் பேர மாத்தலல்லா?"

"மாத்தல."

"எனக்கு ஒரு பிரதி வேணும். கோவில்பட்டிக்கு அனுப்பணும். அவ இன்னும் படிக்கவே இல்ல. வீட்டுல இருந்த நோட்டெல்லாம் அண்ணன் கிழிச்சுட்டான்."

எரித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்கழிச்சு ஸ்டெல்லா எப்படியாச்சும் கொண்டு வருவா" என்றேன். ஏன் சொன்னேன்?

4.8, புதன்

வெட்கத்தை விட்டு அண்ணாச்சியிடம் கார்பனைக் கேட்டேன். "அத அன்னைக்கே அடுப்புல போட்டாச்சு."

ஒரு மணிக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஞாபகத்திலிருந்து அடித்துவிடலாம் என்று. வரவில்லை. அர்த்தம் பார்க்காதே, எழுத்தைப் பார்த்து அடி. முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அவள் கதையையும் அப்படியேதான் அடித்திருக்கிறேன். நான்கு பக்கத்தில் ஒரு முழு வரி நினைவில்லை. கதையில் மழை வந்தது. ஒரு குடை இருந்ததோ?

இரண்டு மணி நேரத்தில் தாளில் இருப்பது: தங்கம்.

மூன்று மணி பேட்ச் வந்துவிட்டது.