காலியாக் கெடக்கிற ஸ்டூல்

ஏ ஜெப்சி,

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். உன்மேல அம்புட்டுக் கோவம்.

நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா வாழுறது தெரிஞ்சு, "ஒருத்தி வேலைய விட்டுப் போனா மத்தவள வேலையில வச்சுக்கிறேன்"னு நண்டு கம்பெனி மேனேஜரு உங்கிட்ட சொன்னாராமே? நம்மகூட நண்டுச் சதை எடுக்குற லூர்து மேரியக்கா சொல்லித்தான் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம உங்க ஊரு திருப்பாலைக்குடிக்கு பஸ் ஏறிட்ட. யாருடி உன்னைத் தியாகம் பண்ணச் சொன்னது?

இன்னைக்கு மேனேஜரு உன் எடத்துல உக்கார வேற பொண்ணக் கூட்டிட்டு வந்தாரு. நான் எந்திரிச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரியே சொன்னேன். "ஆமா, நானும் ஜெப்சியும்தான் குடும்பம். இத்தனை வருசத்துல நாங்க எடுத்த நண்டுச் சதையில ஒரு ஓட்டுத் துண்டு கெடந்துச்சா? காட்டுங்க."

"உங்களக் காப்பாத்த எந்தச் சட்டமும் இல்ல"ன்னாரு.

"எங்களத் தொரத்தவும் இல்லையே"ன்னேன்.

லூர்து மேரியக்கா உன் ஸ்டூல இழுத்து எம்பக்கத்துல போட்டு, "அவ வார வரைக்கும் இது காலியாக் கெடக்கட்டும்"னுச்சு.

நாளைக்கு என்னையும் போகச் சொல்லுவாரு. சொல்லட்டும், நான் போகமாட்டேன்.

நீ மறைக்க நெனச்சத நானே சொல்லிட்டேன். இனி அங்கன உனக்கு என்ன வேலை? பஸ்ஸப் பிடி.

இப்படிக்கு,
கம்பெனிக்கே தெரிஞ்ச உன் வீட்டுக்காரி