பெரியவர் குறைவாகத்தான் சாப்பிடுகிறார்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் முழங்காலையும் என் மானத்தையும் தவிர. வேறு யார் வாயிலாவது நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் எங்கள் லேப் ஃப்ரீசரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னும் ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோடா ராஜா என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது இயக்குநர் உள்ளே வந்துவிட்டார். மனிதர் லேசாகச் செருமிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விஷயம் என்னவென்றால், எங்கள் நிலையத்தில் திடீரென்று மின்சாரச் சிக்கன ஞானம் பிறந்துவிட்டது. எங்கள் ஃப்ரீசருக்கும் பக்கத்து லேப் டாக்டரம்மாவின் புது ஃப்ரீசருக்கும் ஒரு வாரம் மீட்டர் மாட்டுவது, அதிகம் கரண்ட் தின்பதை வெளியே அனுப்பிவிட்டு மிஞ்சியதை இரண்டு லேபும் பகிர்ந்துகொள்வது என்று உத்தரவு. எங்களுடையதுக்குப் பெரியவர் என்று பெயர், நீ பிறந்த வருஷம் வாங்கியது, நாளெல்லாம் இருமிக்கொண்டிருக்கும். அவர் தோற்றால் காயலான் கடைக்குப் போவார், நான் ஆயுசுக்கும் ஒவ்வொரு ரத்தக் குப்பிக்கும் அந்த அம்மா வாசலில் போய் நிற்க வேண்டும். அதுக்கென்னக்கா, எப்ப வேணா வாங்க என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னதிலேயே எனக்கு வயிறு எரிந்தது. என் புத்திதான் உனக்குத் தெரியுமே.

விடுவேனா? பெரியவரைக் காலி செய்து உள்ளே இருந்த பனியைச் சுரண்டினோம், கதவு ரப்பரைத் துடைத்தோம், முதுகுத் தூசியை உறிஞ்சி எடுத்தோம், காற்றோட்டத்துக்காகச் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தினோம். கட்டின புருஷனுக்கு இதில் கால்வாசி செஞ்சிருப்பியா என்று அப்பா கேட்டார். உங்களுக்கு மீட்டர் மாட்டட்டும், பார்க்கலாம் என்றேன். ஒரு வாரம் யாரும் கதவைத் தொடக்கூடாது என்று சீட்டும் ஒட்டிவிட்டேன். பக்கத்திலோ புதுசு ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. என்னோடது ஏன்க்கா இப்படி மூச்சு வாங்குது என்று டாக்டரம்மா வந்து கேட்டாள் பாவம், இந்தக் காலத்து உடம்புல தெம்பு ஏதும்மா என்று அனுப்பி வைத்தேன்.

கடைசியில் புதுசு பெரியவரைவிட ஒன்றரை மடங்கு தின்றிருந்தது. எலக்ட்ரீஷியன் நம்பாமல் மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இயக்குநர் கூட்டம் போட்டு, பழசைப் பேணுவதே சிக்கனம் என்று பேசினார், அம்மாவைப் பார்த்துக் கத்துக்கோங்க என்றார். அடுத்த மாதம் மற்ற லேப்களுக்கெல்லாம் நான் இதைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டுமாம். புதுசைத் திங்கட்கிழமை திருப்பி அனுப்புகிறார்கள். டாக்டரம்மா வந்து கையைக் குலுக்கினாள், முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நீ வேளைக்குச் சாப்பிடு. உன் அப்பா மாதிரி ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்காதே, என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் திற. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே, அப்பா கேட்கமாட்டார், ஆனால் போனைச் சுற்றியே நடப்பார். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் மனம் குளிர்ந்து இரு.

உன் அன்பு அம்மா

பி.கு.: திங்கட்கிழமைக்குள் எங்கள் குப்பிகளையெல்லாம் புதுசிலிருந்து எடுத்தாக வேண்டும். பனி சுரண்டும்போது டாக்டரம்மாதான் இடமும் கொடுத்து, சாவியும் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்க எங்கள் ஆட்கள் அதைத்தான் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் காலியாகத்தான் இருந்தார்.