ஒருமனதான தீர்மானம்

சனிக்கிழமை, ஜூன் 14

எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவுக்கு இன்று புதிதாக ஒருவர் வந்தார். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நாங்கள் கூடும் அறையில் பல மாதங்களாக நாங்கள் நால்வரே ஒருவரையொருவர் வரவேற்றுக்கொண்டிருந்தோம். வந்தவர் பிடோக்கில் டியூஷன் நடத்தும் பெண்மணி. பழைய மடிக்கணினி ஊர்ந்துகொண்டிருக்கிறதாம். திங்கட்கிழமை வகுப்புக்குள் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத்தர முடியுமா என்று கேட்டார்.

லினக்ஸில் பல வகை உண்டு; எதைப் போடுவது என்பதில் இருவர் இருவராகப் பிரிந்தோம். எங்கள் நால்வரில் ஒருவனான மணி அவரைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தான்.

“அக்கா, முதல்ல மென்பொருள் சுதந்திரம்னா என்னன்னு புரிஞ்சுக்கணும்.”

“புரிஞ்சுக்கிறேன் தம்பி. திங்கக்கிழமை கிளாஸ் முடியட்டும்லா.”

மென்பொருள் உரிமங்களைப் பற்றி நானும் அரை மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். நிமிர்ந்தபோது அவர் கணினியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க பேசி முடிவு பண்ணுங்க. நான் கடையில குடுத்துப் பாக்கறேன்.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் இந்நேரம் தூங்கியிருப்பேன்.

அவர் போனபின், புதியவர்களிடம் இன்னும் அன்பாக நடந்துகொள்வதென்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். உடனே அவரைத் திரும்பக் கூப்பிடலாம் என்றான் மணி. அவருடைய எண்ணை யாரும் வாங்கியிருக்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை.