திருப்பி வைத்த தொட்டி

ராஜபாளையம்
சனிக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மகன் எட்வினுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் அவரவர் மாத்திரை டப்பாவோடு சுகமாக இருக்கிறோம், நீயும் சீனாவில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்ல சுகத்தோடு இருக்க ஜெபிக்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அப்பா என் தோளை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறார்கள், இதை எப்படிச் சொல்ல? உன் கூட்டாளி விக்னேஷ்வரன் லீவு முடிந்து திங்கட்கிழமை அங்கே புறப்படுகிறான், ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி வைத்திருக்கிறேன், அதோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். நீ எட்டாவது படிக்கும்போது மில் காம்பவுண்டுச் சுவரிலிருந்து பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தாயே ஆலமரச் சாதி இச்சிக் கன்று, அதில் இடது பக்கத்துக் கொம்பு ஒன்றைத் தொங்கட்டும் என்று ஆசையாக விட்டிருந்தாயே, அது பட்டுப்போய்விட்டது. தானாகப் பட்டுப்போகவில்லை. மில்லில் ரிட்டயர் ஆன ஃபிட்டர், உன் அப்பா சும்மா இருப்பார்களா? மார்ச் மாதம் முழுக்க ஜப்பான் போன்சாய்க் குட்டை மர வீடியோவாகப் பார்த்துவிட்டு, கொம்பு தொங்கினால் அழகில்லை, லெவலுக்கு வரவேண்டும் என்று கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கோ முறுக்கென்று முறுக்கினார்கள். அடுப்படியில் இருந்த எனக்கே டப்பென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கொம்பு பாதி பிளந்து பால் வடிகிறது. உடனே சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை எடுத்து, கால் ஒடிந்த ஆளுக்குக் கட்டுவதுபோல் கட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மூன்று வாரத்தில் அந்தக் கொம்பில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. அதிலிருந்து நீ வீடியோவில் வருமுன்னே தொட்டியைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். மரம் எப்படி இருக்கு என்று நீ கேட்டால், சூப்பரா இருக்குலே என்கிறார்கள், அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்குவதில்லை. முப்பத்தாறு வருஷத்துல ஒரு மெஷினைக் கெடுத்ததில்ல, பிள்ளை மரத்தைக் கெடுத்துட்டேனே தங்கம் என்று என்னிடம் மட்டும் புலம்பல். நீங்களே அவனிடம் சொல்லிருங்க என்றால், எம்புட்டு ஆசையா வளத்தான், எந்த வாயால சொல்ல என்கிறார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் நீ அங்கே பூங்காவில் எடுத்த, பென்ஜிங் என்கிற தட்டு மரப் படங்கள் வந்தன. எத்தனை தடவை பார்த்தார்களோ! எனக்கு முதலில் போன்சாயும் இதுவும் ஒன்றாகத்தான் தெரிந்தது. சீனாவிலிருந்துதான் இந்தக் கலை ஜப்பானுக்குப் போனது என்று நீ சொன்ன பிறகு உற்றுப் பார்த்தேன். ஜப்பான் மரம் பள்ளிக்கூடத்து அசெம்ப்ளியில் நிற்கிற பிள்ளை மாதிரி, ஒரு இலை கலையாமல் தனியாக நிற்கிறது. சீனாக்காரர் தட்டில் கல், தண்ணீர், பாசி, ஒரு குட்டி மனுஷன் எல்லாம் சேர்ந்து ஒரு இடமாகவே இருக்கிறது, மரம் கோணியிருந்தாலும் அங்கே அடிக்கிற காற்று அப்படி என்று தோன்றுகிறது. எனக்கு அதுதான் பிடித்தது, செண்பகத்தோப்பு ஓடைக்கரை அப்படித்தானே இருக்கும். அப்பா விடுவார்களா, உனக்கு ஒண்ணும் தெரியாதுட்டி, போன்சாய்ல வேர்ல இருந்து உச்சி வரைக்கும் கண்ணு தடுக்காமப் போகும், அதுக்கு அந்தாளு நாப்பது வருஷம் மரத்தோட இருந்திருப்பான் என்று சண்டைக்கு வந்தார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் நீ இருக்கும் பக்கத்தில் கம்பியை அவ்வளவாக நம்பாமல், கொம்பை வளரவிட்டு வெட்டி, மறுபடி வளரவிட்டு வெட்டியே மரத்தைத் திருப்புவார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் போனை மடியில் கவிழ்த்துவிட்டார்கள்.

மறுநாளே கல் தேடக் கிளம்பிவிட்டார்கள். செண்பகத்தோப்பில் ஓடைக்கல் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வரும்போது பாரஸ்ட் வாட்சர் வீரணன் பிடித்து, அண்ணாச்சி, வெறுங்கையோட வந்திய, வெறுங்கையோடயே போங்க என்று சொல்லி, கூடவே நடந்து போய் எடுத்த இடத்தில் வைக்கச் சொன்னாராம். எனக்கு மானமே போச்சு. பிறகு மம்சாபுரத்தில் கிணறு வெட்டிப் போட்ட கல்லில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார்கள். இப்போது அகலமான தட்டில் கல்லை ஒட்டி உன் இச்சி நிற்கிறது. பட்ட கொம்பை வெட்டவில்லை, பட்டையைச் சீவி வெள்ளையாக அப்படியே விட்டிருக்கிறார்கள், ஜப்பான், சீனா இரண்டு நாட்டிலும் அப்படி விடுவது உண்டாம். கீழே உட்கார ஆள் வேண்டும் என்று கிறிஸ்மஸ் குடில் பெட்டியைத் திறந்து மேய்ப்பன் பொம்மையைத் தூக்கி வந்து வைத்துவிட்டார்கள்! டிசம்பரில் குடிலுக்கு என்ன செய்ய என்று கத்தினேன். எட்வின் வரும்போது அங்கயிருந்து ஒரு மண் பொம்மை கொண்டு வருவான், அதுவரைக்கும் இவன் காவல் இருக்கட்டும் என்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது எட்வின், எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனாலும் நீ போனில் வந்தால் இன்னும் அந்தப் பக்கத்தைக் காட்டுவதில்லை. நீயாகக் கேட்காதே, தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. அவர்களாகச் சொல்லும் அன்றைக்குக் கோபப்படாதே, உன் அப்பாவுக்கு இந்த உலகத்தில் உன் ஒருவனிடம்தான் பயம். பால்கோவாவை வைத்து வைத்துத் தின்னாதே, கெட்டுவிடும். கிறிஸ்மஸ் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. கர்த்தர் உன் கூடவே இருந்து நடத்துவாராக.

பிரியமுள்ள அம்மா,
தங்கபாய் சாம்சன்

எட்வின், அம்மா கவரை ஒட்டாம, என் கண்ணாடிக்குப் பக்கத்துலயே வச்சிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கா. படிச்சிட்டேன். அவ எழுதினது எல்லாம் நெசம். கொம்பை ஒடிச்சது நான்தாம்லே. சொல்லாம இருந்தது அதைவிடத் தப்பு, மன்னிச்சிரு. ஒடிஞ்ச இடத்துக்குக் கீழ ஒரு துளிர் வந்திருக்கு, அம்மாவுக்கே இன்னும் தெரியாது. கம்பி போடமாட்டேன். அது இஷ்டத்துக்கு வளரட்டும், டிசம்பர்ல நீ வந்து வெட்டு.
அப்பா