நாத்தம் போச்சா

மார்ச் 4
பக்கத்து வயல்காரர் இன்றும் தன் வயலில் ஒரு லாரி கொட்டினார். நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்தபின் மிஞ்சும் சேறு. இலவச உரமாம். தன் இருமலையும் இந்த நாற்றத்தையும் சேர்த்துக் கட்டி மாரடிக்க முடியாது என்று என் சம்சாரம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "என்னையே சகிச்சவ, இதைச் சகிக்க மாட்டியா?" என்றேன். சிரிக்கவில்லை. பையின் ஜிப்பை இழுத்தாள்.

மார்ச் 9
ஊர்க் கூட்டம். சேறு என்று சொல்லக்கூடாதாம், உயிர்த்திண்மம் என்று சொல்ல வேண்டுமாம், ஆபீசர் சொன்னார். "உயிர் இருக்கா சார்? அப்ப எந்த வயலுக்குப் போக இஷ்டம்னு அதையே கேட்டுருவோம்" என்றேன். ஒரே சிரிப்பு. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தீர்களா என்று பால்காரம்மா கேட்டார். "ரிசல்ட் வரணும்மா." சிரிப்பு அடங்கிப் போச்சு.
இவள் இருந்திருந்தால் என் விலாவில் இடித்திருப்பாள். இடிக்க ஆளில்லாமல் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா?

மார்ச் 10
டீ இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன். அவளுடையதையும் நானே குடித்தேன். சர்க்கரை கம்மி.

மார்ச் 17
போனில் கேட்டாள், "நாத்தம் போச்சா?" வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. "சுத்தமாப் போச்சு. கிளம்பி வா."

மார்ச் 19
பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்தினாள்.
"போச்சுன்னீங்களே?"
"போச்சுடி. சத்தியமா."
கிட்டே வந்து என் சட்டையை முகர்ந்தாள். கண் கலங்கிவிட்டது. "உங்க மூக்குக்குப் பழகிடுச்சுங்க."
பஸ் திரும்பி வரும்வரை அங்கேயே தோள் உரச உட்கார்ந்திருந்தோம். இருமிக்கொண்டே இருந்தாள். நானே ஏற்றிவிட்டேன்.
எனக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு? சீ, இதெல்லாம் ஒரு மூக்கா —

மார்ச் 26
"உன் கத்தரி வயலுக்கும் ஒரு லாரி சொல்லட்டுமா தம்பி?" என்றார் பக்கத்து வயல்காரர். "வேண்டாம்ணே, ஏற்கெனவே உங்க புண்ணியத்துல சம்சாரம் போயாச்சு." தலையைக் குனிந்துகொண்டார். "உரம் விக்கிற விலைக்கு நான் வேற என்ன பண்ணுவேன்?"
திட்டலாம் என்றுதான் போனேன். அப்படியே திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 2
குடிக்க வேண்டாம் என்று கிணற்றில் தாள் ஒட்டிவிட்டார்கள். ஆனால் அது சேற்றால்தான் என்று சொல்ல முடியாதாம். லாரி வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏப்ரல் 8
மச்சான் வீட்டு மாடி அறை. வந்ததும் குளிக்க விரட்டினாள். வெளியே வந்தவனை முகர்ந்துவிட்டு மறுபடி விரட்டினாள். நம் வீட்டுச் சாவியை மாட்ட ஓர் ஆணி காட்டினாள். மச்சான் தன் மரக்கடையில் எனக்கு வேலை இருக்கிறது என்றார்.
ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்.
"என்னங்க பாக்குறீங்க?"
"கத்தரி பூத்திருக்கும்."
வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் அந்தச் சுவரையே பார்த்தாள்.
"பூத்திருக்கும்" என்றாள்.