புளியரை வழியாக ஒர்வியேத்தோ

குத்துக்கல்வலசை,
15.6.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வேல்விழி எழுதுவது. நீ அங்கே சுகமா? எனக்கும், சாரலில் நனைந்து தும்மிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் சுகந்தான். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு ஐந்தருவி ரோட்டில் போக்குவரத்து டூட்டி. அவர் வர நேரமாகும் என்பதால்தான் இந்த ராத்திரியில் எழுத முடிகிறது. கூடத்தில் மங்களேஸ்வரி அத்தை புரண்டு படுத்தாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். பைக் சத்தம் கேட்டால் இதைத் தலையணை உறைக்குள் போட்டுவிடுவேன்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என் கூடப் படிக்கும் ரஹ்மத்துன்னிசா இதை வாங்கிக்கொள்வாள். கடையநல்லூரில் அவள் உம்மா போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். உன் பதிலையும் அவளே பிரிண்ட் போட்டுத் தருவாள். என் போனை அத்தை தினமும் பார்ப்பதால் வேறு வழியில்லை. “நாங்க வாப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுதோம். நீ ராஜா காலத்து ஆளு மாதிரி ஓலை எழுதுத” என்று சிரிக்கிறாள்.

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்ததும் அடுத்த மே மாதம் நான்கு நாள் காரில் சுற்றலாம் என்றாயே, அதை விவரமாக எழுது. எந்த ஊர், எந்த மலை, எங்கே சாப்பாடு என்று எல்லாம் வேண்டும்.

அப்பாவின் கோபம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு வருஷ வேலை என்று இத்தாலி போனவள் தன்னைக் கேட்காமலே நீட்டித்துவிட்டாள் என்று. “அவளா வரட்டும். அதுவரைக்கும் இந்த வீட்ல ஒருத்தரும் அவகூட பேசக்கூடாது” என்று சொன்னதுதான். என் பாஸ்போர்ட்டுக்கு அவர் கையெழுத்து வேண்டுமாம். எப்படிக் கேட்பேனோ தெரியவில்லை. முதலில் நீ ஊர்களை எழுது.

உன்
வேல்


ஒர்வியேத்தோ, இத்தாலி
24.6.2025

என் தங்கத்துக்கு,

அம்மாவின் முத்தங்கள். இருட்டில் எழுதினாயா? வரிகள் எல்லாம் மேலே ஏறிப் போகின்றன. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

நான் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாளை மே மாதம் அவள் மகன் ரோமுக்குக் கூட்டிப் போகிறான். அவர்களுடைய சின்னக் காரை எனக்கு விட்டுவிட்டுப் போவான். ஆமாம், உன் அம்மா இப்போது கார் ஓட்டுகிறாள்!

முதல் நாள் இந்த ஊர்தான். பண்பொழி திருமலைக்கோவில் குன்றின் உச்சியைச் சீவி, அதன்மேல் ஒரு ஊரையே தூக்கி வைத்தது போல இருக்கும். இங்கே ஒரு பழைய கிணறு. இறங்க ஒரு படிவழி, ஏற வேறொரு படிவழி. தண்ணீர் சுமக்கும் கழுதைகள் முட்டிக்கொள்ளக் கூடாதென்று அப்படிக் கட்டினார்களாம். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் நடுவில் உள்ள ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். முதல் தடவை இறங்கியபோது உங்கப்பா நினைவு வந்தது. அதை அவரிடம் சொல்லிவிடாதே.

மறுநாள் சிவிதா. காரைத் தூரத்தில் விட்டுவிட்டு ஒரு நீளப் பாலத்தில் நடந்துதான் போக வேண்டும். மாலையில் பித்திலியானோ. அங்கே பாறை எது, வீடு எது என்று தெரியாது. மூன்றாம் நாள் மோந்தேபுல்சானோ, சியெனா. நான்காம் நாள் கோபுரங்கள் நிற்கும் சான் ஜிமிஞானோ. மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். அதனால் புளியோதரை கட்டிக்கொள்வோம்.

நெடுஞ்சாலை வேண்டாம், மலைப்பாதையிலேயே போவோம். சின்ன வயதில் வளைவு வந்தால் கைதட்டுவாயே, உனக்காகவே வளைவுள்ள வழியாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மா


குத்துக்கல்வலசை,
13.7.2025

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை மடித்து மடித்துக் கோடு விழுந்துவிட்டது. ஊர்ப் பெயர்களை உறங்கும்போதும் சொல்கிறேனாம். “யாரு பிள்ளே அது சிவிதா, புது டீச்சரா?” என்று அத்தை கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்துவிட்டேன். எனக்கு இப்போது வளைவு ஆகாது. உன்னைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு அப்பாவும் நானும் காரில் திரும்பினோமே, அன்றைக்கு ஆரியங்காவு மலையில் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து எந்த மலையில் ஏறினாலும் அப்படித்தான். பழைய குற்றாலத்துக்குப் போனாலே முகம் வெளுத்துவிடும். இது தெரிந்தால் நீ பயணத்தையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

அதனால் பழகிக்கொள்ளப் போகிறேன். வரும் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, புனலூர் பஸ்ஸில் ஆரியங்காவு வரை போய்த் திரும்பி வருவேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனால் மே மாதத்துக்குள் சரியாகிவிடாதா? பிடிபட்டால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நீ மட்டும் ஊர்களைக் குறைத்துவிடாதே.

வேல்


குத்துக்கல்வலசை,
20.7.2025

அன்புள்ள அம்மா,

இதைப் பகலில் எழுதுகிறேன். சாப்பாட்டு மேசையில். எதிரே அப்பா நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று புளியரை தாண்டி இரண்டாவது வளைவிலேயே வாந்தி வந்துவிட்டது. கண்டக்டர் இறக்கிவிட்டார். யூனிபார்மோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் செக்போஸ்டில் டூட்டி பார்க்கும் செல்லச்சாமி மாமா பார்த்துவிட்டார். “பலவேசம் அண்ணாச்சி, ஒங்க பிள்ள இங்கன தனியா நிக்கி” என்று அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

குற்றாலக் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அப்பா வந்தார். தொப்பிகூட இல்லை.

“ஏட்டி, எவனப் பாக்கப் போன?”

“அம்மாவ.”

அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், மே மாதம், ஆறு ஊர், ரஹ்மத்து, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் உன் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். செக்போஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கிணறு வந்த பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

“எறங்க ஒரு வழி, ஏற ஒரு வழி. குற்றாலத்துக்கு இப்படி ஒண்ணு இருந்தா நா ஏன் நாள் பூரா விசில் ஊதுதேன்?”

பிறகு, “நாலு நாள்ல ஆறு ஊரா? வண்டிய எங்கன நிப்பாட்டுவா? பிள்ளைக்கி ஒத்துக்காதுன்னு தெரியாம வளைவு வளைவாத் தேடி வச்சிருக்கா” என்றார். திட்டுகிற மாதிரித்தான் சொன்னார். ஆனால் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தந்தார். வரும்போது வழி நெடுக பைக்கை உருட்டுகிற மாதிரிதான் ஓட்டினார்.

மிச்சத்தை அவரே எழுதுவாராம். பேனாவைக் கேட்கிறார்.

உன் வேல்

வள்ளிக்கு,

ஊரை மூன்றாகக் குறை. பிள்ளையை முன் சீட்டில் வை. கண்ணாடியை இறக்கிவிடு. நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுவேன், வளைவுக்கு முன்னால் ஒரு துண்டு வாயில் போடச் சொல். பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தனியாக விமானம் ஏற்ற மாட்டேன். நீ வந்து கூட்டிப் போ.

அன்றைக்கு ஆரியங்காவில் இவள் வாந்தி எடுத்தது வளைவினால் இல்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வண்டி ஓட்டுகிறவன் எங்கே போய்ச் சொல்ல.

மே மாதம் எனக்கு லீவு கிடைக்கும். திருவனந்தபுரத்துக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். பையத்தான் ஓட்டுவேன்.

பலவேசம்