அரைப்பேர்

திம்புள்ள,
நவம்பர் 16.

அன்பு மகள் நிஷாந்திக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மழைதான் விட்டபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது உன் வீட்டுக்கார நோனா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் கடிதம். நீ வேலைக்கு நிற்கும் அந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான் என்பது இப்போது நமக்கு வசதியாகிவிட்டது.

போன வாரம் கொழும்பிலிருந்து ஏழு இளம் பிள்ளைகள் நம் தேயிலைத் தோட்டத்துக்குத் தொண்டு செய்ய வந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் மூன்று நாள் சித்திர வகுப்பு. கைக்குழந்தைகளைத் தூங்க வைக்கும் இடமெல்லாம் ஒரே சாயம். அட்டையில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் தேவை, மறுபக்கம் ஆசை என்று வரையச் சொன்னார்கள். கடையில் கண்டதையெல்லாம் வாங்கக் கூடாதாம், நம் பிள்ளைகளுக்குப் பாடம். மேல் லயத்து வீட்டுத் தனுஷிகா தேவைப் பக்கத்தில் பள்ளிக்கூடச் சப்பாத்து வரைந்தாள். செனாலி என்ற பெண் அதை வெள்ளைச் சாயத்தால் அழித்து, காலில்தான் ஒன்று இருக்கிறதே, இது ஆசை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சப்பாத்தில் பிள்ளையின் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இவளைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு செனாலி, தான் ஆசையை விட்ட கதையை எங்களுக்குப் போனில் காட்டினாள். கட்டில் நிறைய உடுப்பு, எல்லாவற்றையும் தானம் கொடுத்துவிட்டாளாம். படத்தின் ஓரத்தில் இரண்டு கைகள் மடித்துக்கொண்டிருந்தன. முகத்தை வெட்டியிருந்தார்கள். இடது மணிக்கட்டில், எட்டு வயதில் நீ ரொட்டிக் கல்லில் சுட்டுக்கொண்ட தழும்பு. எனக்கா அந்தக் கையைத் தெரியாது? யாருடைய கை என்று சிங்களத்தில் கேட்டேன். எங்கள் வீட்டு வேலைப் பிள்ளை, நிஷா என்றாள். நீ பேபி நோனா, பேபி நோனா என்று சொல்லும் நோனாவின் மகள் இவள்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஊருக்குப் போகமாட்டாளா என்று கேட்டேன். அவளுக்கு ஊருக்குப் போக ஆசையே இல்லை என்றாள்.

இரண்டு தீபாவளிக்கு லீவு கேட்டு நீ அழுதது எனக்குத் தெரியும். நான் யாரென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அங்கே போன் பண்ணுவாள், உனக்குத்தான் கஷ்டம்.

கடைசி நாள் ஆளுக்கொரு துணிப்படம் கொண்டுவந்தார்கள். நாங்கள் கொழுந்து பறிப்பதை அவர்களே அதில் வரைந்திருந்தார்கள். கீழே எங்களைத் தமிழில் ஆசீர்வாதம் எழுதித் தரச் சொன்னார்கள். வீட்டில் மாட்டவாம். செனாலியின் படம் என் கைக்கு வந்தது. நாள் முழுக்க மழையில் நின்றாலும், கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை நமக்கு அரை நாள் சம்பளத்துக்குத்தானே பேர் போடுவார்? அதையே சிவப்புச் சாயத்தில் எழுதினேன். “செனாலிக்கு அரைப்பேர். என் மகள் நிஷாந்தியை வீட்டுக்கு அனுப்பினால் முழுப்பேர். இப்படிக்கு, அவளைப் பெற்ற ஜீவராணி.” ஆசீர்வாதம் என்று எண்ணி அவள் கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்குப் பாவம் என்றே தோன்றவில்லை. உன் பேரைப் பாதியாக நறுக்கியவளுக்கு இது போதாது.

அதை வரவேற்பறையில் மாட்டுவாள். விருந்தாளி யாராவது கேட்பார்கள், உன்னைத்தான் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். பயந்து மாற்றிச் சொல்லிவிடாதே மகளே. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிங்களத்தில் ஒவ்வொரு வரியாகச் சொல். குரல் நடுங்கினால் இன்னொரு முறை சொல். பிறகு நோனாவின் அலுமாரியில் இருக்கும் உன் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கு. ஹட்டனில் ஜோசப்பின் அக்காவின் தையல் கடையில் உனக்கு ஒரு மெசின் பேசி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு மாரியம்மா உன் நாக்கில் வந்து நிற்கட்டும்.

உன்னை முழுப்பேர் சொல்லிக் கூப்பிடக் காத்திருக்கும்
அம்மா
ஜீவராணி